கழற்றாத காலுக்கு யார் காசு தருவார்?



இலங்கையில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. 2018, 2019 ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆட்களைத் தெரிந்தெடுத்து, இரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு இது. இன்னும் ஏறத்தாழ 30 பேர் அதற்கு முந்தைய படியில், எந்த ஆண்டிலும் ஏறிவிடக்கூடிய நிலையில் நிற்கிறார்கள். இந்த நாட்டில் நிகழும் மரணங்களில் நூற்றுக்கு 83 தொற்றா நோய்களால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை குளிசைப் பெட்டி இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும்.

இதைக் கேட்டதும் நம்மவர்கள் சாப்பாட்டைத்தான் பார்ப்பார்கள். வட்டிலப்பம், தொதல், சஹனில் குவித்த புரியாணி, நாளைக்கு ஐந்தாறு தடவை சீனி போட்ட தேத்தண்ணி. எல்லாம் உண்மை. அதைச் சொல்வதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சு காசைப் பற்றியது. ஒரு வைத்தியருக்கு, ஒரு பாமசிக்கு, ஓர் அமைச்சுக்கு, ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு, கடைசியில் ஒரு நோயாளிக்கு எப்போது காசு கைக்கு வருகிறது, எப்போது கையை விட்டுப் போகிறது? நீண்டகால நோயாளி ஒருவர் எப்படிக் கவனிக்கப்படுகிறார், எங்கே கைவிடப்படுகிறார் என்பதில் பெரும்பகுதி அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

பழைய கதையிலிருந்து தொடங்கலாம். 1934 இறுதியில் வெடித்த மலேரியா, அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1931 இல், ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. ஓட்டுக் கேட்டு ஊருக்குள் வந்தவர்களிடம் சனங்கள் ஆஸ்பத்திரி கேட்டார்கள். கிராமம் வரை வைத்தியம் போனதற்கு இந்த இரண்டும் காரணம். 1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிந்தது. 1971 இல் வெளிநோயாளருக்கு 25 சதம் என்று ஒரு சின்னக் கட்டணத்தைக் கொண்டுவந்து பார்த்தார்கள். வெறும் 25 சதம். அதற்கே வருகிறவர் தொகை குறைந்தது. 1977 இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இலவச வைத்தியத்தின் மிகப் பெரிய வெற்றி பிரசவத்தில்தான் தெரிகிறது. குடும்பநல உத்தியோகத்தர் என்று அரசாங்கம் சொல்லும், ஊர் இன்னமும் மிட்வைஃப் என்று சொல்லும் ஒருவருக்குச் சுமார் 3,000 பேர் வாழும் ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு பெண் கர்ப்பம் தரித்தால் அவர் பெயர் பதிவேட்டில் ஏறும். கிளினிக்குக்கு வராவிட்டால் மிட்வைஃப் வாசலுக்கு வந்துவிடுவார். கிளினிக்குக்கு வருபவருக்குத் திரிபோஷ பக்கற் கிடைக்கும். 2015 இலிருந்து பத்து மாதங்களுக்கு மாதம் 2,000 ரூபா பெறுமதியான போசாக்குக் கொடுப்பனவும் சேர்ந்தது. பிறகு அந்தத் தொகை கூடியது. இங்கே பொறுப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது, வருகைக்கு ஒரு பலன் இருக்கிறது.

மலேரியாவையும் இந்த நாடு வென்றது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காய்ச்சல் ஒன்று வரும், போகும். பிரசவத்துக்குப் பத்து மாதம். இப்படித் தொடக்கமும் முடிவும் உள்ள காரியங்களுக்காகக் கட்டப்பட்ட வைத்தியத்துக்குள் இப்போது முப்பது வருடம் நீடிக்கும் வருத்தங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

கல்முனைக் கரையில் கட்டடத்துக்குக் குறைவில்லை. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே நகரத்தில் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கின்றன. நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று நெடுக ஆதார வைத்தியசாலைகள். தேர்தல் காலத்தில் இவற்றில் ஒன்றைத் தரமுயர்த்தித் தருவதாகச் சொல்லாத அரசியல்வாதி அரிது. புதிய வாட்டுத் தொகுதிக்கு அடிக்கல், திறப்பு விழா, பெயர்ப்பலகை, படம். சீனிக்குப் போடும் மெட்போமின் குளிசை மூன்று மாதத்துக்குத் தட்டுப்பாடில்லாமல் இருப்பு வைத்தவருக்கு யார் மாலை போடப்போகிறார்கள்? அரசியல்வாதிக்கும் ஒரு வருமானம் உண்டு, அதன் பெயர் ஓட்டு. அதுவும் கட்டடத்துக்குத்தான் விழுகிறது.

ஒரு கிளினிக் நாளை எடுத்துக்கொள்வோம். சுபஹு தொழுதுவிட்டு நேரத்தோடு போய் நம்பர் எடுத்தாலும் மருந்தோடு வெளியே வரப் பகல் ஆகிவிடும். வைத்தியரின் முன்னால் இருக்கக் கிடைப்பது சில நிமிடம். கிளினிக் கொப்பியைப் பார்ப்பார், போன மாதம் எழுதிய மருந்தையே பெரும்பாலும் எழுதுவார். மருந்து கொடுக்கும் யன்னலில் இன்னொரு வரிசை. யாரும் ஒரு சதம் கேட்கமாட்டார்கள். ஆனால் சாய்ந்தமருதில் கடலுக்குப் போகிறவருக்கும், மருதமுனையில் தறியில் இருக்கிறவருக்கும், சம்மாந்துறை வயலில் அறுவடைக் காலத்தில் கூலிக்குப் போகிறவருக்கும் அந்தக் காலை ஒரு நாள் சம்பளம். இலவசக் கிளினிக்கின் விலை அது. சீனியும் பிரஷரும் வலிக்காத வருத்தங்கள். ஒன்றும் செய்யாமல் உடம்புக்குள் கிடக்கும் வருத்தத்துக்காக, நிச்சயமாகக் கைக்கு வரும் கூலியை விட்டுவிட்டு மாதாமாதம் வரிசையில் நிற்பதற்குப் பெரிய மன உறுதி வேண்டும். கர்ப்பிணிக்குக் கிளினிக் போனால் ஏதாவது கிடைக்கிறது. சீனி வருத்தக்காரருக்குக் கிளினிக் போனால் ஏதாவது போகிறது. இவர் வராவிட்டால் வீடு தேடி வரவும் யாருமில்லை.

வைத்தியரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். காலையில் அவர் நூறு பேரைப் பார்த்தாலும் முப்பது பேரைப் பார்த்தாலும் சம்பளம் ஒன்றுதான். தன்னிடம் வருகிற எத்தனை பேருடைய சீனி கட்டுக்குள் வந்தது என்று அவரிடம் கணக்குக் கேட்பதில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் கூட்டமாக வெளிநாடு போகத் தொடங்கியதும், டீ.ஏ.ரி. என்று சுருக்கிச் சொல்லப்படும் கொடுப்பனவை 2024 ஜனவரியில் அரசாங்கம் 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக்கியது. தங்களுக்கும் வேண்டுமென்று மற்றச் சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆளைத் தக்கவைக்க அந்தப் பணம் தேவைதான். ஆனாலும் அது பதவிக்குக் கிடைக்கும் பணம். நோயாளிக்கு என்ன ஆனது என்பதோடு அதற்குத் தொடுப்பு இல்லை.

பின்னேரம் அதே வைத்தியர் செனல் பண்ணும் இடத்தில் இருப்பார். கடமை நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்க அரச வைத்தியர்களுக்கு 1977 இல் அனுமதி கிடைத்தது. அங்கே தலைக்கு இவ்வளவு என்று காசு. பேச்சும் சற்று நீளும். இந்த இரட்டை ஏற்பாட்டின் விளைவை நாட்டின் கணக்கிலேயே பார்க்கலாம்: வாட்டில் படுக்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் அரச ஆஸ்பத்திரியில், வெளிநோயாளராகப் போகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தனியாரிடம். நாட்டின் மொத்த வைத்தியச் செலவிலும் பாதியளவு சனங்களின் மடியிலிருந்து நேரே போகிறது. இலவச வைத்திய நாடு என்று பெருமைப்படுகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

செனலில் இல்லாதது தொடர்ச்சி. இந்த மாதம் ஒரு வைத்தியர், அடுத்த மாதம் மட்டக்களப்பில் இன்னொருவர், அதற்கடுத்த மாதம் யாரோ சொன்ன கொழும்புக்காரர். மூன்று பேரும் மூன்று துண்டு எழுதுவார்கள். வராமல் நின்றுவிட்டவரை யாரும் தேடமாட்டார்கள். தேடுவதற்குக் கட்டணம் இல்லை.

நோன்பை எடுத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். இன்சுலின் போடுகிற ஒருவர் றமழானில் நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் அளவை எப்படி மாற்றுவது, பகலில் சீனி இறங்கிப்போனால் எந்தக் கட்டத்தில் நோன்பை விடுவது என்பதையெல்லாம் ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து பேசவேண்டும். கால் மணி நேரமாவது பிடிக்கும். காலைக் கிளினிக்கில் அதற்கு நேரம் இல்லை. செனலில் அந்தக் கால் மணி நேரத்துக்குள் இன்னும் மூன்று பேரைப் பார்க்கலாம். ஆகவே அந்தப் பேச்சு நடப்பதில்லை. றமழான் நடுவில் மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போனால் அம்புலன்ஸ், அவசரப் பிரிவு, வாட்டு, சேலைன் எல்லாம் ஓடிவரும்.

இனிப் பாமசி. மருந்து விலை என்றாலே இந்த நாட்டில் பேராசிரியர் சேனக பிபிலேயின் பெயரைச் சொல்லவேண்டும். வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் கொடுத்த அறிக்கையின் வழியில் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவரும் அவரே. சந்தையில் புழங்கிய 2,100 அளவிலான மருந்துகளைச் சுமார் 600 ஆகச் சுருக்கி, கம்பனிப் பெயரைத் தள்ளிவிட்டு மருந்தின் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்வனவு செய்தார்கள். பெரிய மருந்துக் கம்பனிகள் பகைத்துக்கொண்டன. 1977 இல் பிபிலே கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அவர் கேட்ட மருந்துக் கொள்கை சட்டமாவதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தது. சீனி, பிரஷர், கொழுப்புக் குளிசைகளும் அதற்குள் இருந்தன.

ஆறு வருடம்கூட ஆகவில்லை, டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. 2022 மார்ச்சில் மருந்து விலையை 29 வீதம் கூட்ட அனுமதித்தார்கள். ஏப்ரல் முடிவில் இன்னும் 40 வீதம். அந்த மாதங்களில் கிளினிக் யன்னலில் “இதை வெளியே எடுங்க” என்று துண்டு திரும்பி வரும். பாமசியில் கேட்ட பேச்சு இப்படி இருக்கும்: “காக்கா, ஒரு மாசத்துக்கு எழுதி இருக்கு. இப்ப பத்து நாளைக்குத் தாங்க, மத்தத நெல்லு வித்தொடன எடுக்கிறன்.” பத்து நாள் குளிசையை இருபது நாளுக்கு நீட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அதன் விலை உடனே தெரியாது. நாலைந்து வருடம் கழித்து, கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் தெரியும்.

நோயாளி கையிலிருந்து காசு போனால் என்ன நடக்கும் என்பதை உலகத்தில் மிகக் கவனமாகச் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவின் றாண்ட் நிறுவனம். 1970களில் தொடங்கி 1982 வரை ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு வைத்தியம் முழுதும் இலவசம், மற்றவர்களுக்கு ஒரு பங்கு கைக்காசு என்று வைத்துப் பார்த்தார்கள். கைக்காசு கட்டியவர்கள் வைத்தியரிடம் போவதைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டார்கள். பெரும்பாலானோருக்கு அதனால் உடம்பில் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. ஒரு கூட்டம் மட்டும் விலக்கு: பிரஷர் இருந்த ஏழைகள். இலவசமாகக் கிடைத்த ஏழைகளுக்குப் பிரஷர் கட்டுக்குள் இருந்தது. காசு கட்டிய ஏழைகளுக்கு அந்த அளவுக்கு இல்லை. 25 சதக் கட்டணத்தை மறுபடி கொண்டுவரலாமா என்று இடையிடையே யோசிக்கிறவர்கள் இதைப் படிப்பது நல்லது.

காசு கொடுக்கும் முறை வைத்தியத்தின் அளவையே மாற்றிவிடும் என்பதற்கு டயாலிசிஸ் சாட்சி. சிறுநீரகம் செயலிழந்த ஏறத்தாழ எல்லோருக்கும், வயது பாராமல், அரசு செலவில் சிகிச்சை என்று 1972 இல் அமெரிக்கா சட்டம் செய்தது. இரக்கமுள்ள சட்டம். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இரத்தச்சோகை வரும். அதற்கு எரித்ரோபொயிற்றின் என்ற ஊசி உண்டு. டயாலிசிஸுக்கு ஒரு தொகை, ஊசிக்கு வேறாக ஒரு தொகை, அதுவும் போட்ட அளவுக்கு ஏற்ப என்று அரசு கொடுத்துக்கொண்டிருந்தது. ஊசி கூடக்கூட நிலையத்துக்கு வருமானம் கூடியது. காலப்போக்கில் மெடிகேர் என்ற அந்த அரச திட்டம் காசு கொடுத்த மருந்துகளில் மிகப் பெரும் செலவு வைத்தது இந்த ஊசிதான் என்றாயிற்று. அளவுக்கு மிஞ்சிப் போட்டால் பக்கவாதமும் இதயக் கோளாறும் வரலாம் என்று 2007 இல் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடும் எச்சரிக்கை போட்டது. 2011 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து ஊசியையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரே தொகை என்று அரசு மாற்றியது. ஊசியின் அளவு இறங்கியது. நோயாளிகள் மாறவில்லை, இரத்தச்சோகை மாறவில்லை. நேற்றுவரை இலாபமாக இருந்த ஊசி இன்று செலவாகிவிட்டது, அவ்வளவுதான். இதற்கு மறுபக்கமும் உண்டு: ஊசி குறைந்தபின் சிலருக்கு இரத்தம் ஏற்றவேண்டி வந்தது. எந்தக் கொடுப்பனவு முறையும் ஒரு பக்கம் இழுக்கும்.

அப்படியானால் நல்ல வைத்தியத்துக்கென்றே காசு கொடுத்தால்? பிரித்தானியா 2004 இல் அதைச் செய்து பார்த்தது. சீனி நோயாளியின் காலைச் சோதித்தாயா, பிரஷரை அளந்தாயா, அது இந்த எண்ணுக்குக் கீழே வந்ததா என்று குடும்ப வைத்தியர்களுக்குப் புள்ளி போட்டு, புள்ளிக்குக் காசு கொடுத்தார்கள். அவர்களுடைய வருமானத்தில் கால்வாசி வரை இதில் தங்கியிருந்தது. முதல் ஓரிரு வருடம் நல்ல முன்னேற்றம், பிறகு அப்படியே நின்றுவிட்டது. புள்ளி இல்லாத வேலைகள் பின்தங்கின. வைத்தியர் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் கணினியில் கட்டம் நிரப்புகிறார் என்ற முறைப்பாடும் எழுந்தது. ஸ்கொட்லாந்து 2016 இல் அதைக் கைவிட்டது. கல்முனையில் வைத்தியருக்குப் புள்ளி போட்டு ஊக்கத்தொகை கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அரைவாசிதான் சரி என்று பதில் சொல்லலாம்.

காப்புறுதி இன்னொரு பாதை. அது பெரும்பாலும் வாட்டில் படுத்தால்தான் பணம் தரும். வீட்டிலிருந்து போடும் குளிசைக்குத் தராது. இந்தியாவில் 2008 இல் ஏழைக் குடும்பங்களுக்கு வருடம் 30,000 ரூபா வரை காப்புறுதி கொண்டுவந்தபோது, சத்தீஸ்கர் மாநிலத்தில் தனியார் ஆஸ்பத்திரிகள் தேவையில்லாமல் பெண்களின் கருப்பையை அகற்றிப் பணம் எடுத்த விவகாரம் 2012 இல் வெளியே வந்தது. சீனி குறையும்படி பேசியிருந்தால் அந்த ஆஸ்பத்திரிகளுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

அதே இந்தியாவில், தமிழ்நாடு, 2021 ஓகஸ்ட் 5 ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுத்த பெண்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபா ஊக்கத்தொகை. அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சீனியும் பார்த்து, இரண்டு மாதத்துக்கான குளிசையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். 2024 இல் ஐக்கிய நாடுகளின் தொற்றா நோய்களுக்கான செயலணி அதற்கு விருது கொடுத்தது. அந்தத் திட்டத்திலும் குறைகள் சொல்வார்கள். அந்தப் பெண்களுக்கு அந்தத் தொகை போதாது என்பது அதில் நியாயமான குறை. ஆனாலும் நம் மிட்வைஃபின் வேலையை அவர்கள் சீனிக்கும் பிரஷருக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும் செலவு நோயாளியின் தலையிலிருந்து இறங்கிவிட்டது.

இந்தக் கரைக்கே உரிய ஒரு சங்கதி: வளைகுடா. சவூதிக்கோ கட்டாருக்கோ போகிற பிள்ளை மெடிக்கல் எடுக்கவேண்டும். கட்டுப்பாடில்லாத சீனியும் பிரஷரும் தகுதியை இழக்கச் செய்யும் காரணங்களில் உண்டு. ஏஜென்சிக்குக் காசு கட்டியாயிற்று, கடனும் வாங்கியாயிற்று. ஆகவே மெடிக்கலுக்கு முந்திய சில வாரம் பட்டினி, நடை, யாரோ சொன்ன கசாயம். பாஸானதும் எல்லாம் மறதி. அங்கே போய் அறுவர் தங்கும் அறையில், வெயிலில், குளிசையை மறைத்துப் போட்டு அல்லது போடாமலே வருடங்கள் கழிகின்றன. திரும்பி வரும்போது வீடு கட்டி முடிந்திருக்கும், சிறுநீரகம் பழுதாகியிருக்கும். முப்பது வயதில் சீனியைக் கண்டுபிடிக்காமல் இருப்பதில் அந்தப் பிள்ளைக்கும் இலாபம், ஏஜென்சிக்கும் இலாபம், முதலாளிக்கும் இலாபம்.

இலாபம் பேசும் இன்னோர் இடம் இனிப்புக் குளிர்பானம். அதன் கதை சிறியது. 2016 இல் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் வந்தது. 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி வந்தது. கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருடமே வரி குறைந்தது.

இவ்வளவு நேரமும் அரசாங்கத்தையும் கம்பனியையும் பார்த்தோம். நம் பள்ளிவாசலையும் பார்ப்போம். ஜும்ஆ முடிந்ததும் வாசலில் துண்டை விரித்து, வைத்தியரின் கடிதத்தைக் காட்டி, சிறுநீரக மாற்றுக்கோ இதய ஒப்பரேஷனுக்கோ உதவி கேட்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. நம்மவர்கள் கொடுக்கிறார்கள். ஓரிரு வாரத்தில் இலட்சக்கணக்கில் சேர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்தும் வரும். இந்தச் சமூகத்தின் மிக நல்ல குணம் அது, அதில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அப்படித் துண்டு விரிக்கப்பட்ட ஒருவருக்குப் பதினைந்து வருடமாகப் பிரஷர் இருந்தது. மாதம் ஒரு சிறிய தொகைக்கு மருந்து வாங்க முடியாமல், அல்லது கூலியை விட்டுவிட்டுக் கிளினிக் போக முடியாமல், அவர் விட்டுவிட்டார். அப்போது அவருக்காகத் துண்டு விரிக்க யாரும் இல்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார், பிரஷர் குளிசைக்குக் காசு கேட்க யாருக்கு வாய் வரும்?

அரசாங்கமும் அதையே செய்கிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு மாதாந்த உதவித்தொகை உண்டு. 7,500 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டம் 10,000 ஆக்கியது. கொடுக்க வேண்டிய பணம், போதாத பணம். ஆனால் சிறுநீரகம் போனபிறகு வரும் பணம். அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் நோயாளிக்குக் கிளினிக்குக்கு வந்துபோகும் ஓட்டோக் கூலிக்குக்கூட எவரும் எதுவும் தருவதில்லை. காலைக் கழற்றும் ஒப்பரேஷனுக்குத் தியேட்டர், மயக்க மருந்து வைத்தியர், வாட்டு, பிறகு செயற்கைக் கால் எல்லாவற்றுக்கும் ஒரு தலைப்பில் நிதி இருக்கிறது. ஒரு தாதி உட்கார்ந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்து, நகம் வெட்டும் முறையும் செருப்புப் போடும் முறையும் சொல்லிக்கொடுத்து, அதனால் கழற்றாமல் விட்ட காலுக்கு எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை. பிழை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆட்களைப் பழிப்பதால் அது திருந்தாது. பணம் போகும் திசையை மாற்றவேண்டும்.

மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லாத நாடல்ல இது. 2011 இலிருந்து வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்கள் திறக்கப்பட்டு வருகின்றன. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கே சீனி, பிரஷர், எடை பார்க்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் வராததற்கு அந்த நேரத்தில் அவர்கள் வேலையில் இருப்பது முக்கிய காரணம். 2018 இல் உலக வங்கி ஆரம்ப சுகாதாரத்துக்கென்று 20 கோடி டொலர் கடன் கொடுத்தபோது, குறித்த இலக்குகளை எட்டினால்தான் தவணை விடுவிக்கப்படும் என்று நிபந்தனை வைத்தது. அமைச்சுக்கே இலக்குக்குப் பணம் என்றால், அதில் ஒரு துளியைக் கிளினிக்குக்கு வரும் கூலிக்காரருக்கும் கொடுக்கலாம். நிந்தவூரில் தொற்றா நோய்களுக்கென்றே ஓர் ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை இருக்கிறது. சனங்கள் எப்படியும் இரண்டு வைத்தியமும் பார்க்கிறார்கள், ஒரே கொப்பியில் இரண்டு பக்கமும் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே மூன்று கோரிக்கைகள். கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு: வாரத்தில் ஒரு பின்னேரமாவது, கடலும் வயலும் தறியும் ஓய்ந்த நேரத்தில், சீனி, பிரஷர் கிளினிக்கைத் திறவுங்கள், கட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுங்கள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளுக்கும் ஸக்காத் நிதியங்களுக்கும்: ஒப்பரேஷனுக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், அதோடு உங்கள் மஹல்லாவில் குளிசை வாங்க வசதியில்லாத சீனி, பிரஷர்காரர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை எழுதி, பாமசியில் மாதக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள். பட்டியலில் உள்ளவர் இந்த மாதம் மருந்து எடுக்க வராவிட்டால் ஒரு வாலிபரை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, இங்கே இருக்கும் 35 வயது தாண்டிய ஆண்களுக்கு. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். காசு கேட்கமாட்டார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போகவேண்டும், தேத்தண்ணியும் குடிக்கக் கூடாது.